பழைய மாவும் புதிய ரொட்டியும்

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் முதல் ஜூன் 1ஆம் நாள் வரை, நோய்ப் பரவலைத் தடுக்கும் பொருட்டுச் சிங்கப்பூர் மக்கள் பெரும்பாலும் வீட்டோடு இருக்க நேர்ந்தது. அந்நாள்களில் பல வீடுகளில் ரொட்டி சுடும் பழக்கம் புதிதாகப் புகுந்தது. கடைகளில் ஈஸ்ட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கோதுமை மாவையும் நீரையும் கலந்து புளிக்க வைத்து, அந்தப் புளிப்பைக் கொண்டே ரொட்டியை எழும்பச் செய்யும் மிகப் பழைய முறையைப் பலர் கற்றுக்கொண்டனர். ஆங்கிலத்தில் 'சவர்டோ' என்று வழங்குவது இதுவே.

கட்டுப்பாடுகள் நீங்கின, ஆயினும் அப்பழக்கம் பல வீடுகளில் நிலைத்துவிட்டது. அதனோடு ஒரு சிக்கலும் நிலைத்துவிட்டது. குப்பியில் வளர்க்கும் புளித்த மாவுக்கு நாள்தோறும் புது மாவும் நீரும் ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்குமுன் இருப்பதில் பெரும்பகுதியை எடுத்து அப்புறப்படுத்த வேண்டும். இவ்வாறு எடுக்கப்படும் பகுதிக்கு ஆங்கிலச் சமையல் நூல்கள் 'டிஸ்கார்ட்' என்று பெயரிட்டுள்ளன. 'கழிக்கப்பட்டது' என்பது அதன் பொருள். பெயரே அவ்வாறு இருக்கும்போது, அது குப்பைத் தொட்டிக்குப் போவதில் வியப்பில்லை.

தேக்கா வட்டாரத்திலோ, ஈசூனிலோ, உட்லண்ட்சிலோ உள்ள ஒரு தமிழ் வீட்டின் குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தால், இக்குப்பிக்குப் பக்கத்திலேயே வேறொரு பாத்திரம் இருக்கக் காணலாம். அதில் இருப்பது மூன்று நாள் பழைய தோசை மாவு. அதனை எவரும் கழிவு என்று சொல்வதில்லை. நன்றாகப் புளித்துவிட்டது, நாளைக்கு ஊத்தப்பம் சுடலாம் என்றே வீட்டுப் பெண்கள் கூறுவர். இரண்டும் தானிய மாவு. இரண்டும் நுண்ணுயிர்களால் புளித்தவை. இரண்டும் எழும்பும் வலிமை குறைந்து புளிப்பு மிகுந்த நிலையில் இருப்பவை. ஒன்றை எறிவதும் மற்றொன்றைப் பேணுவதும் எதனால்? இவ்வினாவை ஆராய்ந்தால், புதிய சமையலறைச் சிக்கல் ஒன்றுக்குப் பழைய தமிழ்ச் சமையலறை முன்பே விடை வகுத்து வைத்திருப்பது புலனாகும்.

உறையும் பிரையும்

புளிக்கச் செய்தல் பற்றிய சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. காய்ச்சி ஆறிய பாலில் சிறிது மோர் விடுவதை 'உறை ஊற்றுதல்' என்பர். சில ஊர்களில் 'உறை குத்துதல்' என்பர். அவ்வாறு விடப்படும் மோர் 'உறைமோர்' எனப்படும். இதற்கே 'பிரை' என்னும் பழஞ்சொல்லும் உண்டு. புளித்த கஞ்சி நீருக்குக் 'காடி' என்று பெயர். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர், யூதர்களின் பண்டிகை பற்றிய பகுதிகளில், ரொட்டியை எழும்பச் செய்யும் பொருளைப் 'புளித்த மா' என்றும், அது சேராத ரொட்டியைப் 'புளிப்பில்லாத அப்பம்' என்றும் பெயர்த்தனர். ஆகவே ரொட்டி உறையும்கூடத் தமிழுக்கு முற்றிலும் புதிய கருத்தன்று.

சிங்கப்பூரில் இச்சொற்களுக்கு ஒரு தனிப் பொருத்தமும் உண்டு. இன்று லிட்டில் இந்தியா என வழங்கும் சிராங்கூன் சாலைப் பகுதி, 19ஆம் நூற்றாண்டில் கால்நடை வணிகத்தால் வளர்ந்த இடமாகும். 'எருமைத் தொழுவம்' எனப் பொருள்படும் 'கண்டாங் கெர்பாவ்' என்ற மலாய்ப் பெயரும், பஃபலோ ரோடு என்ற தெருப் பெயரும் அதற்குச் சான்று. கால்நடை இருந்த இடத்தில் பால் இருந்தது. பால் இருந்த இடத்தில் உறைமோரும் இருந்திருக்கும்.

பாலுக்கு விடும் மோர் உறைமோர் என்றால், ரொட்டிக்கு விடும் புளித்த மாவை 'உறைமாவு' என்பது இயல்பாகவே பொருந்தும். இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது. உறைமோர் என்ற சொல்லைக் கேட்டவர், எஞ்சிய மோரை எறிய வேண்டும் என்று எண்ணமாட்டார். தாளித்துக் குடிப்பார், அல்லது மோர்க்குழம்பு வைப்பார். உறைமாவையும் அவ்வாறே எண்ணிப் பழகலாம்.

ஏன் எஞ்சுகிறது?

உறைமாவில் ஏன் ஒரு பகுதியை எடுத்துவிட வேண்டும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு வீட்டில் 50 கிராம் உறைமாவு இருப்பதாகக் கொள்வோம். அதற்கு 50 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் நீரும் ஊட்டினால் மொத்தம் 150 கிராம் ஆகும். எதையும் எடுக்காமல் மறுநாளும் இதே விகிதத்தில் ஊட்டினால் 450 கிராம். மூன்றாம் நாள் 1,350 கிராம். நான்காம் நாள் 4,050 கிராம். ஏழாம் நாள் அது 109,350 கிராம் ஆகிவிடும். அதாவது 109 கிலோவுக்கு மேல். அடுக்குமாடி வீடு ஒன்றின் சமையலறை அதைத் தாங்காது.

நாள்தோறும் 50 கிராமை மட்டும் வைத்துக்கொண்டு 100 கிராமை வெளியே எடுப்பதற்கு இதுவே காரணம். உறைமாவு கெட்டுப்போனதால் எடுக்கப்படுவதில்லை. அளவு மிகாதிருக்கவே எடுக்கப்படுகிறது. எடுக்கப்படும் 100 கிராமில் ஏறத்தாழ 50 கிராம் கோதுமை மாவும் 50 கிராம் நீரும் உள்ளன. நாளொன்றுக்கு 50 கிராம் என்றால் ஓர் ஆண்டில் 18 கிலோவுக்கும் சற்று மிகுதியான கோதுமை மாவு ஒரு வீட்டிலிருந்து வீணாகும். உணவுப் பொருள்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவிக்கும் ஒரு தீவில், இது எண்ணிப் பார்க்கத்தக்கது.

குப்பிக்குள் நிகழ்வது

புளித்தல் உயிர்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1857ஆம் ஆண்டில் பால் புளிப்பதைப் பற்றிய தம் ஆய்வால் எடுத்துக்காட்டினார். உறைமாவில் இருவகை நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. ஒன்று ஈஸ்ட் என்னும் நுண்காளான். மற்றொன்று லாக்டிக் அமில பாக்டீரியா. ஈஸ்ட் கரிவளியை உண்டாக்கி மாவை எழும்பச் செய்கிறது. பாக்டீரியா அமிலத்தை உண்டாக்கிப் புளிப்பையும் மணத்தையும் தருகிறது. தீய கிருமிகள் எளிதில் பெருகாதபடி தடுக்கவும் செய்கிறது.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து ரொட்டி உறையை ஆராய்ந்த கிளைன், சுகிஹாரா ஆகியோர் 1971ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவ்வுறையில் பாக்டீரியாவின் எண்ணிக்கை ஈஸ்ட்டைவிட ஏறத்தாழ நூறு மடங்கு மிகுதி. மாவிலுள்ள மால்ட்டோஸ் என்னும் சர்க்கரையை அந்த ஈஸ்ட் உண்பதில்லை; பாக்டீரியா உண்கிறது. ஆதலால் இரண்டும் உணவுக்காகப் போரிடாமல் ஒரே குப்பியில் நெடுங்காலம் ஒன்றி வாழ்கின்றன.

இட்டிலி மாவைப் பற்றிய ஆய்வும் ஏறக்குறைய அதே காலத்தில் நிகழ்ந்தது. முகர்ஜி, ஸ்டைன்கிராஸ் முதலியோர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை, இட்டிலி மாவைப் பொங்கச் செய்வதிலும் புளிக்கச் செய்வதிலும் லூக்கோனாஸ்டாக் மெசென்டெராய்ட்ஸ் என்னும் பாக்டீரியாவே முதன்மையானது என்று காட்டியது. வெளியிலிருந்து ஈஸ்ட் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. அரிசியோடும் உளுந்தோடும் இயல்பாக வரும் நுண்ணுயிர்களே போதும்.

எழுந்த வளியை உள்ளே பிடித்து வைப்பது எது என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. இட்டிலி மாவில் உளுந்தின் வழவழப்புப் பொருளும் புரதமும் அவ்வேலையைச் செய்கின்றன. கோதுமையில் குளூட்டன் என்னும் பசைப் புரதம் செய்கிறது. நாள் செல்லச் செல்ல அமிலமும் நொதிகளும் அப்பசையைச் சிதைத்துவிடும். உணவு தீர்ந்த ஈஸ்ட்டும் சோர்ந்துவிடும். எனவேதான் பழைய உறைமாவை மட்டும் நம்பிச் சுட்ட ரொட்டி கல்லாக இறுகிவிடுகிறது. ஆனால் மாவின் சத்தோ, சுவையோ, மணமோ அழிந்துவிடவில்லை. எழும்பும் வலிமை ஒன்றே குறைந்துள்ளது. ஆகவே எழும்பத் தேவையில்லாத பண்டம் எதுவோ அதற்கு அது மிகவும் ஏற்றது. தோசை அத்தகைய பண்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாளுக்கு ஒரு பண்டம்

தமிழ்ச் சமையலறையில் மாவுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. அரைத்த மாவு பொங்கியதும் முதல் நாள் இட்டிலி. அப்போது வளி நிறைந்திருக்கும். புளிப்பு அளவாக இருக்கும். மறுநாள் தோசை. வளி சிறிது அடங்கினாலும் கல்லில் மெல்லியதாகத் தேய்ப்பதால் குறை தெரியாது. மூன்றாம் நாள் வெங்காயமும் பச்சைமிளகாயும் தூவிய ஊத்தப்பம், அல்லது குழிப்பணியாரம். காரமும் தாளிப்பும் மிகுந்த புளிப்புக்கு ஈடுகொடுக்கும். அதற்கு மேலும் எஞ்சினால் ரவையோ அரிசி மாவோ கலந்து புளிப்பைத் தணித்துக்கொள்வர்.

இவ்வொழுங்கை எந்த நூலும் விதித்ததில்லை. மாவின் மணத்தை முகர்ந்தும், கரண்டியால் கிளறி நுரையைப் பார்த்தும் மாமியாரிடமிருந்து மருமகள் கற்றுக்கொண்டது இது. புளிப்பின் அளவுக்கு ஏற்பப் பண்டத்தைத் தேர்தல் என்பதே இதன் சாரம். இங்கே 'கழித்தல்' என்ற பேச்சே எழவில்லை. நீர் ஊற்றி வைத்த சோற்றைத் தமிழர் 'பழையது' என்று அழைத்ததையும் இவ்விடத்தில் நினைவுகொள்ளலாம். அச்சொல்லில் இகழ்ச்சி இல்லை. காலை உணவின் பெயராகவே அது நின்றது.

இன்று தேக்கா வட்டாரக் கடைகளில் ஆயத்த தோசை மாவு பொட்டலங்களில் கிடைக்கிறது. வேலைக்குச் செல்லும் குடும்பங்களுக்கு அஃது ஓர் உதவியே. எனினும் பொட்டலத்தில் அச்சிட்ட நாளைப் பார்த்து மாவை எறிந்துவிடும் பழக்கமும் உடன் வருகிறது. மாவின் மணத்தை முகர்ந்து நாளை அறியும் பயிற்சி ஒரு தலைமுறையில் நின்றுவிடுமானால், அதை மீட்பது எளிதன்று.

அண்டை வீட்டாரின் முறை

இவ்வறிவு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. சீனர்கள் ஆவியில் வேகவைக்கும் ரொட்டிக்கு முந்திய நாள் மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து மறுநாள் மாவில் கலந்தனர். அதற்கு 'லாவ் மியென்' என்று பெயர்; 'பழைய மாவு' என்பதே அதன் பொருள். பழைய மாவு மிகப் புளித்திருந்தால் சிறிது காரநீர் சேர்ப்பர். காரம் அமிலத்தோடு கூடிப் புளிப்பைத் தணிக்கும். அப்போது வளியும் எழுந்து மாவு உப்பும். தமிழ் வீடுகளில் புளித்த மாவில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவதும் இதே காரணம் பற்றியதாகும். மலாய்க்காரர்கள் 'தப்பாய்' செய்யும்போது, சோற்றிலோ மரவள்ளிக்கிழங்கிலோ தூவும் உலர்ந்த உறை வில்லைக்கு 'ராகி' என்று பெயர். இது கேழ்வரகு அன்று. ஒலி ஒற்றுமையால் மயங்கலாகாது.

இட்டிலியின் வரலாற்றிலும் தென்கிழக்காசியத் தொடர்பு ஒன்று பேசப்படுகிறது. ஏறத்தாழ 920ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னட நூலாகிய வட்டாராதனையில் 'இட்டலிகெ' என்ற பெயர் காணப்படுகிறது. எனினும் பழைய குறிப்புகளில் உளுந்து பேசப்படுகிறதேயன்றி, அரிசி சேர்த்தலும் நெடுநேரம் புளிக்க வைத்தலும் ஆவியில் வேகவைத்தலும் சொல்லப்படவில்லை என்று உணவு வரலாற்று அறிஞர் கே. டி. அச்சயா எடுத்துக்காட்டினார். இம்முறைகள் இந்தோனேசியப் பகுதியிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பது அவர் ஊகம். அது முடிந்த முடிபாகாவிட்டாலும், கடல் கடந்து சமையல் அறிவு சென்றும் வந்தும் இருக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. தேக்கா சந்தையில் ஒரே கூரையின்கீழ் தோசையும் சீன ரொட்டியும் மலாய்ப் பலகாரமும் விற்கப்படுவதைக் காண்போர்க்கு இது வியப்பாகத் தோன்றாது.

வெப்ப நாட்டின் தனிக்குறிப்பு

ரொட்டி நூல்களில் பல குளிர்நாட்டினர்க்காக எழுதப்பட்டவை. உறைமாவை ஊட்டியபின் பன்னிரண்டு மணி நேரம் வெளியே வைக்குமாறு அவை கூறும். சிங்கப்பூரின் வெப்பம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 27, 28 பாகை செல்சியஸ் அளவில் இருப்பது. இங்கே ஊட்டிய மாவு நான்கு முதல் ஆறு மணி நேரத்திலேயே உச்சத்துக்கு எழும்பிவிடக்கூடும். பன்னிரண்டு மணி நேரம் காத்திருந்தால் அது தணிந்து, நீர்த்து, கடும் புளிப்பு ஏறியிருக்கும். 'என் மாவு கெட்டுவிட்டது' என்று புதியவர் பலர் மனம் தளர்வது இதனாலேயே. மாவு கெடவில்லை, கடிகாரம் வேறு நாட்டுடையது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உறையைக் குறைத்து ஊட்டத்தை மிகுத்தல். 10 கிராம் உறைமாவுக்கு 50 கிராம் மாவும் 50 கிராம் நீரும் சேர்த்தால் புளிப்பு மெல்ல ஏறும். மற்றொன்று, குளிர்ப்பெட்டியில் வைத்தல். அங்கே நுண்ணுயிர்களின் வேகம் பெரிதும் தணியும். ஆதலால் வாரம் ஒருமுறை ஊட்டினால் போதும். வாரம் ஒருமுறை மட்டும் ரொட்டி சுடும் வீட்டில், சிறிதளவு உறையைக் குளிரில் வைத்துக்கொள்வதே எச்சத்தைக் குறைக்கும் முதல் வழி.

அதற்கு மேலும் எஞ்சுவதை ஒரு மூடியிட்ட பாத்திரத்தில் சேர்த்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். ஒரு வாரம் வரை சேர்த்து, பின்வருமாறு பயன்படுத்தலாம். கணக்கு எளிது. சம எடை மாவும் நீரும் ஊட்டி வளர்த்த உறைமாவு 200 கிராம் என்றால், அதில் 100 கிராம் மாவும் 100 கிராம் நீரும் உள்ளன. எந்தப் பண்டத்திலும் அவ்வளவு மாவையும் நீரையும் குறைத்துக்கொண்டு இதைச் சேர்க்கலாம்.

ஐந்து பண்டங்கள்

முதலாவது, கோதுமைத் தோசை. 200 கிராம் பழைய உறைமாவு, 50 கிராம் அரிசி மாவு, ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் நீர், அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைக் கட்டியின்றிக் கரைக்க வேண்டும். பொடியாக அரிந்த வெங்காயம், பச்சைமிளகாய், சீரகம், கறிவேப்பிலை சேர்த்துக் கால் மணி நேரம் வைத்து, சூடான கல்லில் ஊற்ற வேண்டும். அரிசி மாவு மொறுமொறுப்பைத் தரும். மிகப் புளித்த மாவில் சர்க்கரை தீர்ந்துபோவதால் தோசை எளிதில் சிவக்காமல் வெளுத்திருக்கும். அதற்கு ஒரு சிட்டிகை சர்க்கரை போதும்.

இரண்டாவது, ஊத்தப்பம். 200 கிராம் உறைமாவோடு 50 கிராம் ரவையும் ஏறத்தாழ 50 மில்லி லிட்டர் நீரும் உப்பும் கலந்து இருபது நிமிடம் ஊறவிட வேண்டும். ரவை நீரை இழுத்துக்கொள்ளும். கல்லில் தடிமனாக ஊற்றி, வெங்காயம் தூவி, மூடி, சிறு தீயில் வேகவிட்டுத் திருப்ப வேண்டும்.

மூன்றாவது, இனிப்புப் பணியாரம். 75 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிட வேண்டும். 200 கிராம் உறைமாவு, 50 கிராம் அரிசி மாவு, நன்கு பழுத்த வாழைப்பழம் ஒன்று, ஏலப்பொடி ஆகியவற்றோடு அதனைப் பிசைந்து, கடைசியில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா சேர்க்க வேண்டும். உடனே நுரைத்து எழும். நுரை அடங்குமுன் பணியாரக் குழிகளில் ஊற்றிவிட வேண்டும். சோடா மிகுந்தால் சவர்க்காரச் சுவை வந்துவிடும், அளவு தவறலாகாது.

நான்காவது, சப்பாத்தி. 100 கிராம் உறைமாவோடு 150 கிராம் ஆட்டா மாவும் உப்பும் ஏறத்தாழ 75 மில்லி லிட்டர் நீரும் சேர்த்துப் பிசைந்து, அரைமணி நேரம் மூடிவைத்துத் தேய்க்கலாம். அமிலம் பசையைத் தளர்த்துவதால் சப்பாத்தி மென்மையாக இருக்கும். நெடுநேரம் புளித்த கோதுமையில் ஃபைடிக் அமிலம் குறைவதால், இரும்புச் சத்தை உடல் ஏற்பதும் எளிதாகும்.

ஐந்தாவது, ஓமத் தகடு. ரொட்டி அடுப்பு உள்ள வீட்டினர்க்கு இஃது ஏற்றது. 200 கிராம் உறைமாவில் இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், அரைத் தேக்கரண்டி உப்பு, ஓமம், எள் கலந்து, எண்ணெய்த்தாள் விரித்த தட்டில் கூடியவரை மெல்லியதாகப் பரப்ப வேண்டும். 160 பாகை செல்சியஸ் சூட்டில் பத்து நிமிடம் வைத்தால் மேற்பகுதி இறுகும். அப்போது கத்தியால் சதுரங்களாகக் கீறி, மேலும் அரைமணி நேரம் வரை, பொன்னிறமாகும்வரை சுட வேண்டும். ஆறியபின் ஒடித்துக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்கலாம். மாலைத் தேநீருக்கு நல்ல துணை.

எறிய வேண்டியது எது?

எதையும் எறியலாகாது என்று விதி செய்வதும் தவறாகும். புளிப்பும் கேடும் வெவ்வேறு. பாத்திரத்தின் மேல் கருநிற நீர் தேங்குவது கேடன்று. உணவு தீர்ந்து பசித்த மாவின் அடையாளம் அது. கலக்கிக்கொள்ளலாம், அல்லது வடித்துவிடலாம். காடியின் நெடி வருவதும் இயல்பே. ஆனால் மாவின் மேல் பஞ்சு போன்ற பூசணம் தோன்றினாலோ, இளஞ்சிவப்பு, செம்மஞ்சள் நிறக் கோடுகள் காணப்பட்டாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ முழுவதையும் தயங்காமல் எறிந்துவிட வேண்டும். மேற்பகுதியை மட்டும் வழித்துவிட்டு எஞ்சியதைப் பயன்படுத்துதல் கூடாது. மீண்டும் தொடங்க மாவும் நீரும் சில நாள்களுமே தேவை. உடல்நலத்தைவிட அவை அரியன அல்ல.

வேகாத மாவைச் சுவை பார்ப்பதும் தவிர்க்கத்தக்கது. பச்சைக் கோதுமை மாவில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். முகர்ந்து பார்ப்பதே போதும். மிச்ச மாவைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றுவதும் ஆகாது. அது பசையாக இறுகிக் குழாயை அடைத்துவிடும்.

ஒரு பிடி மாவின் மதிப்பு

சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டினைக் கழிவில்லா நிலை நோக்கிய ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டில் அந்நாட்டில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறத்தாழ 744,000 டன். அதில் மறுபயன் பெற்றது நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கே. எஞ்சியது எரிக்கப்படுகிறது, எரித்த சாம்பல் 1999ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் செமக்காவ் நிலப்பரப்பைச் சேர்கிறது. அவ்விடமும் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று கணக்கிடப்பட்டுள்ளது. ஒரு வீட்டின் 50 கிராம் மாவு இப்பெருங்கணக்கில் மிகச் சிறிது. ஆயினும் பெருங்கணக்கு முழுவதும் இத்தகைய சிறு அளவுகளின் கூட்டலே என்பதை மறக்கலாகாது.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பணி உண்டு. ஏழு நாளில் 50 கிராம் 109 கிலோ ஆகும் கணக்கை மாணவர் தாமே போட்டுப் பார்த்தால் பெருக்கலின் வேகம் அவர்க்கு விளங்கும். வீட்டிலுள்ள பாட்டியிடம் சென்று, முதல் நாள் மாவில் என்ன செய்வார், மூன்றாம் நாள் மாவில் என்ன செய்வார், மாவு கெட்டதை எவ்வாறு அறிவார் எனக் கேட்டு எழுதி வரச் சொன்னால், அது நல்ல கட்டுரைப் பயிற்சியாகும். உறை, பிரை, காடி, புளித்த மா என்னும் சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி அடுக்களைக்கு வந்துவிடும். பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை எழுதிய அக்குறிப்பைக் கண்டு, குளிர்ப்பெட்டியிலுள்ள ரொட்டிக் குப்பியின் மிச்சத்தையும் அன்றைய தோசைக் கல்லில் ஊற்றும் வீடுகள் சிலவேனும் இருக்கும்.